உடம்புக் கொழுப்பை வீட்டிலேயே அளப்பது எப்படி: டேப், கேலிப்பர், எடை மெஷின்

எடை மெஷின் காட்டும் கிலோவில் எலும்பு, தசை, தண்ணீர், கொழுப்பு எல்லாம் கலந்துதான் இருக்கிறது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் சட்டைப் பட்டனை இழுத்துக்கொண்டு நிற்கும் உடல்வாகை காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ கணக்குப் போட்டால் அவர் நார்மல் என்று தப்பிவிடுவார். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்களையே உதாரணமாக்கி இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. நம் ஊரிலும் ஆதாரம் உண்டு. வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களை சிஎம்சி மருத்துவமனை ஆய்வாளர்கள் வளர்ந்த பிறகும் தொடர்ந்து பார்த்ததில், முப்பது வயதையொட்டியே பலருக்குச் சர்க்கரைக் கோளாறு தென்பட்டது.

அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், வயிற்றுச் சுற்று ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்றும் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். கொழுப்புச் சதவீதத்துக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரே வரம்பு இல்லை. நம் நாட்டு ஆய்வுகளில் ஆண்களுக்கு 25, பெண்களுக்கு 30 என்பதைத்தான் பெரும்பாலும் கோடாக வைக்கிறார்கள்.

வீட்டில் அளக்க மூன்று வழிகள் உண்டு: இஞ்ச் டேப், கேலிப்பர், மின்சாரம் பாய்ச்சும் எடை மெஷின். விலை ஏற ஏறத் துல்லியமும் ஏறும் என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காகப் பிடித்த டேப், அலட்சியமாக ஏறி நின்ற மெஷினைவிட நம்பகமானது.

டேப்

லாங்கு பஜார் பக்கம் தையல் சாமான் கடையில் கிடைக்கும் டேப்பே போதும். ஆனால் இழுத்தால் நீளாததாக இருக்க வேண்டும். பழைய துணி டேப்புகள் வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும், அவை குறைவாகவே காட்டும். வாங்கியதும் ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு 30 செ.மீ. வரை ஒட்டிவைத்துப் பாருங்கள். முனையில் இருக்கும் தகரத்தின் விளிம்பிலிருந்து கணக்கு ஆரம்பிக்கிறதா, தகரத்துக்கு அப்புறமா என்பதையும் பாருங்கள். அரை சென்டிமீட்டர் பெரும்பாலும் அங்கேதான் தொலையும்.

அளப்பது காலையில், கழிவறை போய் வந்த பிறகு, வெறும் வயிற்றில். கோட்டையைச் சுற்றி வாக்கிங் போகிறவர்கள் கிளம்பும் முன் அளக்கட்டும், திரும்பி வந்து வேண்டாம்.

வயிற்றுச் சுற்றுக்கு இடம் கண்டுபிடிப்பதுதான் முக்கால் வேலை. பக்கவாட்டில் விரலை வைத்து அழுத்தினால் கடைசி விலா எலும்பு தட்டுப்படும். அதிலிருந்து கீழே வந்தால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. இரண்டுக்கும் நட்டநடுவில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், இரண்டு பக்கமும். டேப் அந்தக் கோடுகள் வழியாகத் தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும். முதுகுப் பக்கம் டேப் கீழே சரிவதுதான் தனியாக அளப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, அதனால் கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பி நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கால்களைச் சற்று அகட்டி, இரண்டு கால்களிலும் சமமாக எடையைப் போட்டு நில்லுங்கள். இயல்பாக மூச்சு விட்டு முடிக்கும் இடத்தில் படியுங்கள். வயிற்றை எக்கக்கூடாது, வேண்டுமென்று தளர்த்தவும் கூடாது. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். மூன்றுக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கோடு போடுங்கள்.

பேன்ட் சைஸ் 34 என்பது வயிற்றுச் சுற்று அல்ல. தொப்பை இருப்பவர் பேன்ட்டை அதற்குக் கீழேதான் கட்டுகிறார், பத்து வருடமாக அதே 34-ஐ வாங்கிக்கொண்டே தொப்பை வளர்க்கவும் முடியும். பெண்களுக்கு வேறு சிக்கல்: பாவாடை நாடா வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுகி, தோலில் பள்ளமாகவே ஒரு வரி விழுந்திருக்கும். டேப் தானாக வழுக்கி அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும், அளவும் குறைந்து வரும். இரவு நைட்டியோடு தூங்கி எழுந்த காலையில், பேனாக் கோட்டை மட்டும் நம்பி அளந்தால் இது சரியாகிவிடும். ஆண்கள் அரைஞாண் கொடியை மேலேயோ கீழேயோ தள்ளிவிட்டு அளக்கட்டும்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு நூல் வழி இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு ஒரு சணல் நூலை வெட்டி இரண்டாக மடியுங்கள். மடித்த நூல் வயிற்றைச் சுற்றி முட்டவில்லை என்றால், வயிற்றுச் சுற்று உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் இந்தப் பாதி அளவைத்தான் பெரியவர்களுக்கு எச்சரிக்கைக் கோடாகப் பரிந்துரைத்தது. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

டேப்பிலிருந்து சதவீதம்

1984-இல் அமெரிக்கக் கடற்படைக்காக ஹாட்ஜ்டனும் பெக்கெட்டும் உருவாக்கிய சூத்திரம்தான் இணையத்தில் புழங்கும் கணக்குப் பெட்டிகள் பலவற்றுக்கும் அடியில் இருப்பது. இதற்கு வயிற்றை அளக்கும் இடம் வேறு: ஆண்களுக்குத் தொப்புள் மட்டம், பெண்களுக்கு வயிறு மிக ஒடுங்கிய இடம். மேலே சொன்ன நடுக்கோட்டு அளவை இதில் போடாதீர்கள். நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

கழுத்தை, குரல்வளை முடிச்சுக்குக் கீழே, டேப் முன்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும்படி அளக்க வேண்டும். தோளைத் தூக்கக் கூடாது. தாலிச்சரடு, செயின், பின்னலெல்லாம் டேப்புக்கு அடியில் வரக்கூடாது. பெண்களுக்குப் புட்டச் சுற்றும் வேண்டும். கால்களைச் சேர்த்து நின்று, பின்பக்கம் மிக அகலமான இடத்தில் அளக்க வேண்டும். உயரத்துக்குச் சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, நேராகப் பார்த்து, தலையில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். கொண்டையும் பூவும் எடுத்துவிட்டு. காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும் என்பதால் இதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஆண்: 495 ÷ [1.0324 − 0.19077 × லாக்(வயிறு − கழுத்து) + 0.15456 × லாக்(உயரம்)] − 450

பெண்: 495 ÷ [1.29579 − 0.35004 × லாக்(வயிறு + புட்டம் − கழுத்து) + 0.22100 × லாக்(உயரம்)] − 450

எல்லாம் சென்டிமீட்டரில். லாக் என்பது 10-ஐ அடிப்படையாகக் கொண்ட மடக்கை. ஓர் ஆண்: உயரம் 170, வயிறு 92, கழுத்து 38. வயிற்றில் கழுத்தைக் கழித்தால் 54, அதன் லாக் 1.7324. உயரத்தின் லாக் 2.2304. அடைப்புக்குள் வருவது 1.0466. விடை 22.9%. ஒரு பெண்: உயரம் 155, வயிறு 82, புட்டம் 98, கழுத்து 33. கூட்டிக் கழித்தால் 147. விடை 34.7%.

போன் கால்குலேட்டரைப் படுக்கை வசமாகத் திருப்பினால் லாக் பட்டன் வரும். பக்கத்திலேயே எல்என் என்று இன்னொன்று இருக்கும், விரல் அதில்தான் பட்டுத் தொலைக்கும். மேலே சொன்ன ஆணின் கணக்கை எல்என் வைத்துப் போட்டால் 14.7% என்று வரும். டேப்பை இஞ்ச் பக்கம் படித்து அப்படியே போட்டால் 16.4%. இரண்டும் நம்பும்படியான எண்கள், அதுவும் நம்மைக் குஷிப்படுத்தும் எண்கள்! தப்பு நடந்தது தெரியவே தெரியாது. பெண்களின் சூத்திரத்தில் எல்என் போட்டால் 290-க்கு மேல் சதவீதம் வந்து உடனே மாட்டிக்கொள்ளும். ஆகவே ஆண்கள் முதலில் மேலே உள்ள உதாரணத்தைப் போட்டு 22.9 வருகிறதா என்று சரிபார்த்துவிட்டுத் தங்கள் எண்களைப் போடட்டும்.

இந்த உதாரணத்தில் வயிறு ஒரு சென்டிமீட்டர் தவறினால் விடை 0.7 நகரும். கழுத்து ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் அதே 0.7. கழுத்தை அக்கறையில்லாமல் அளப்பவர்களுக்கு இது நினைவிருக்கட்டும். தைராய்டு வீங்கிய கழுத்து இருந்தால் இந்தச் சூத்திரம் கொழுப்பைக் குறைத்தே காட்டும். அவர்கள் வயிற்றுச் சுற்றோடு நின்றுகொள்ளலாம்.

கேலிப்பர்

தோலையும் அதன் அடியில் இருக்கும் கொழுப்பையும் மடிப்பாகப் பிடித்து மில்லிமீட்டரில் அளக்கும் இடுக்கி இது. ஆய்வுகளில் பயன்படும் ஹார்ப்பன்டன் வகை, தாடை எவ்வளவு விரிந்தாலும் சதுர மில்லிமீட்டருக்கு 10 கிராம் என்ற ஒரே அழுத்தத்தைத் தரும். ஜிம்மில் கிடக்கும் மலிவான பிளாஸ்டிக் கேலிப்பரில் ஸ்பிரிங் சீக்கிரம் தளர்ந்துவிடும், பிறகு போகப் போக எண் கூடிக்கொண்டே வரும். கொழுப்பு கூடுவதாக நினைத்து ஆள் பட்டினி கிடப்பார்.

டர்னினும் வொமர்ஸ்லியும் 1974-இல் கிளாஸ்கோவில் 481 பேரை வைத்து உண்டாக்கிய முறைக்கு நான்கு இடங்கள் வேண்டும், எல்லாம் வலது பக்கம். மேல்கையின் பின்புறம்: தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், நெடுக்கு மடிப்பு. அதே மட்டத்தில் மேல்கையின் முன்புறம். தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்குச் சற்றுக் கீழே, சாய்வாக. நான்காவது, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே, அக்குளுக்கு நேர்கீழே. முதுகு அளவைத் தானே எடுக்க முடியாது, ஆள் வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே ஆள் வேண்டும்.

இடத்தைப் பேனாவால் குறியுங்கள். குறிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு மடிப்பைத் தூக்குங்கள். தசை சேர்ந்து வந்துவிட்டதா என்று சந்தேகமாக இருந்தால் கையை இறுக்கச் சொல்லுங்கள், தசையென்றால் விரலிலிருந்து நழுவிவிடும். தாடை குறியின் மேல் செங்குத்தாக உட்கார, கைப்பிடியை முழுசாக விட்டுவிட வேண்டும். விரல்களோ மடிப்பை விடக்கூடாது. விட்டபின் இரண்டு விநாடியில் படியுங்கள். அதற்கு மேல் காத்திருந்தால் கொழுப்பு நசுங்கி முள் இறங்கிக்கொண்டே போகும். ஒரே இடத்தைத் தொடர்ந்து இரண்டு தடவை அளக்காமல் நான்கையும் ஒரு சுற்று முடித்துவிட்டு மறுசுற்று வாருங்கள், நசுங்கிய தோல் எழும்ப நேரம் கிடைக்கும்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் கேலிப்பரைத் தொட வேண்டாம், மடிப்பு நிற்காது. வியர்த்த உடம்பும் அப்படித்தான். உடற்பயிற்சி முடிந்த கையோடு அளந்தாலும் தோலில் ரத்த ஓட்டம் கூடி அளவு பருத்துக் காட்டும்.

நான்கையும் கூட்டி லாக் எடுத்து, வயதுக்கான எண்களில் போட வேண்டும். உடம்பின் அடர்த்தி = முதல் எண் − இரண்டாம் எண் × லாக்(கூட்டுத்தொகை).

ஆண்: 20–29 வயது 1.1631, 0.0632. 30–39 வயது 1.1422, 0.0544. 40–49 வயது 1.1620, 0.0700. 50-க்கு மேல் 1.1715, 0.0779.

பெண்: 20–29 வயது 1.1599, 0.0717. 30–39 வயது 1.1423, 0.0632. 40–49 வயது 1.1333, 0.0612. 50-க்கு மேல் 1.1339, 0.0645.

கிடைத்த அடர்த்தியால் 495-ஐ வகுத்து 450-ஐக் கழித்தால் சதவீதம். இது 1961-இல் சிரி தந்த கணக்கு. கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றதெல்லாம் சேர்ந்து 1.1 என்ற அனுமானத்தில் நிற்பது. டேப்பால் 22.9 வந்த அதே ஆண், வயது 34, மடிப்புகள் மேலே சொன்ன வரிசையில் 13, 6, 24, 22 என்றால் மொத்தம் 65, அடர்த்தி 1.0436, விடை 24.3%. இரண்டு வழிக்கும் இந்த வித்தியாசம் சகஜம். அவருடைய எண்களில் கையின் பின்புறம் 13, முதுகும் இடுப்பும் 20-க்கு மேல். நம்மவர்களுக்குக் கொழுப்பு கை காலைவிட நடு உடம்பில்தான் சேருகிறது, ஆகவே மேல்கையை மட்டும் கிள்ளிப் பார்த்துச் சொல்லும் ஜிம் ஜோசியத்தை நம்ப வேண்டாம். வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்போ கேலிப்பருக்கு எட்டவே எட்டாது, அதற்கு வயிற்றுச் சுற்றுதான் சாட்சி.

எடை மெஷின்

பாதத்தை வைத்ததும் கொழுப்பு, தசை, நீர், எலும்பு என்று வரிசையாகக் காட்டும் மெஷின் இவற்றில் எதையும் நேரடியாக அளப்பதில்லை. வழக்கமாக 50 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய மின்சாரத்தை ஒரு காலில் ஏற்றி மறு காலில் இறக்கி, எவ்வளவு தடை என்று பார்க்கிறது. தண்ணீர் நிறைந்த தசை மின்சாரத்தை விடும், கொழுப்பு தடுக்கும். மீதியெல்லாம் நீங்கள் போட்ட உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதிலிருந்து சூத்திரம் ஊகிப்பது. உயரத்தை 5 செ.மீ. கூட்டிப் போட்டு மறுபடி ஏறிப் பாருங்கள், கொழுப்பு தானாகக் குறையும். கால் வழி மின்சாரம் வயிற்றை எட்டிக்கூடப் பார்க்காது. கைப்பிடியும் சேர்ந்த மெஷின் இந்த விஷயத்தில் மேல்.

வேலூர் வெயில் இதற்கு முதல் எதிரி. மே மாதம் 40 டிகிரி தாண்டும் நாளில் வியர்த்து உடல் வறண்டால் தடை கூடும், மெஷின் அதைக் கொழுப்பு என்று எழுதும். அதற்காக ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால், எடை கூடும், தண்ணீர் இன்னும் தசைக்குப் போயிராது, மறுபடி கொழுப்பு ஏறும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கு மாலையில் காலில் நீர் கோத்திருக்கும், அப்போது அளந்தால் கணக்கு எதிர்த் திசையில் போகும். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் அளப்பதில் அர்த்தமில்லை. அந்த மாதம் டேப்பை வைத்துக்கொண்டு, மெஷினைப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் கழித்து எடுக்கலாம். மாதவிடாயை ஒட்டிய நாட்களிலும் உடம்பில் நீர் தேங்கும் என்பதால் பெண்கள் மாதத்தில் அதே கட்டத்தில் அளப்பது நல்லது.

இரண்டாவது எதிரி குதிகால். செருப்பில்லாமல் நடந்து காய்த்து வெடித்த பாதத்தில் மின்சாரம் ஒழுங்காக ஏறாது. மெஷின் பிழை காட்டினால் பரவாயில்லை, காட்டாமல் கூடுதலாகச் சொன்னால்தான் ஆபத்து. ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்து, ஈரப்பதம் இருக்கும்போதே ஏறுங்கள். மெஷினை டைல்ஸ் தரையில் வையுங்கள், பாயின் மீதோ மேடுபள்ளமான சிமென்ட் தரையிலோ எடையே தப்பாக வரும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். உடம்பின் வயது 47 என்றெல்லாம் மெஷின் சொல்வதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம்.

டெக்ஸா

எலும்பு அடர்த்தி பார்க்கும் அதே எக்ஸ்ரே கருவி, முழு உடலையும் ஸ்கேன் செய்தால் கொழுப்பு, தசை, எலும்பு மூன்றையும் கை, கால், நடு உடம்பு என்று பிரித்துத் தரும். கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆனால் மருத்துவமனையில் டெக்ஸா என்று மட்டும் கேட்டால் முதுகெலும்பும் இடுப்பும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். முழு உடல் கொழுப்புப் பரிசோதனை உண்டா என்று தனியாகக் கேளுங்கள். கொடி, மெட்டி, வளையல், செயின் எல்லாம் கழற்ற வேண்டும். சில நாட்களுக்குள் பேரியமோ கான்ட்ராஸ்ட் மருந்தோ கொடுத்து வேறு ஸ்கேன் எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுமுறையும் அதே மெஷினில் எடுங்கள், கம்பெனி மாறினால் எண்ணும் மாறும்.

எண்ணை வைத்து என்ன செய்வது

டேப் சூத்திரத்தில் 3 முதல் 4 சதவீதப் புள்ளி வரை பிழை சாதாரணம். எனவே 22.9 என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரின் 21-உடன் ஒப்பிடுவதில் பயனில்லை. அதே ஆள், அதே டேப், அதே நேரம் என்று எடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவில்தான் விஷயம் இருக்கிறது. வயிற்றுச் சுற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கேலிப்பரை மாதம் ஒருமுறை. தினமும் அளந்தால் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

நம் உதாரணக்காரர் 68 கிலோ என்று வையுங்கள். 22.9% என்றால் கொழுப்பு 15.6 கிலோ, மற்றது 52.4. மூன்று மாதத்தில் 65 கிலோவுக்கு இறங்கிவிட்டார். வயிறு 88, கழுத்து 37.5 என்றால் 20.4%, கொழுப்பு 13.3, மற்றது 51.7. போன மூன்று கிலோவில் 2.3 கொழுப்பு, நல்ல செய்தி. அதே 65 கிலோவில், அதே 37.5 கழுத்தோடு, வயிறு 91.5-இலேயே நின்றிருந்தால் சதவீதம் 22.9-ஐ விட்டு நகராது. போனதில் கொழுப்பு 0.7 கிலோதான், 2.3 கிலோ தசையும் நீரும். எடை மெஷின் இரண்டு பேருக்கும் ஒரே பாராட்டைத்தான் தந்திருக்கும். இரண்டாமவர் சோற்றை மட்டும் குறைத்துவிட்டு முட்டை, பருப்பு, சுண்டல் கூட்டாமலும், பளு தூக்காமலும் இருந்திருக்கக்கூடும். கிலோவின் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பாருங்கள்.

வயிற்றுச் சுற்று 90-ஐயோ 80-ஐயோ தாண்டியிருந்தால், சதவீதம் என்ன சொன்னாலும், வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறாலோ கல்லீரல் கோளாறாலோ உடம்பில் நீர் கோத்தவர்கள், யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள், கை கால் இழந்தவர்கள், வயிற்றில் பெரிய குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் ஆகியோருக்கு இந்தச் சூத்திரங்கள் எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் வேறு வழியில்தான் பார்ப்பார்.